6,754 டன்

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்க ராணுவமும் கடற்படையும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டன. ஜப்பான் எத்தனை கப்பல்களை இழந்தது, எந்தக் கப்பலை யார் மூழ்கடித்தார்கள் என்ற கணக்கு. 1947-ல் அது அச்சாகி வந்தது. தேதி, கப்பலின் பெயர், வகை, டன், இடம், மூழ்கடித்தவர் என்று கட்டம் கட்டமாகப் பட்டியல். 1944 ஆகஸ்ட் 22-ம் தேதிக்கு நேரே இப்படி ஒரு வரி வருகிறது: சுஷிமா மாரு, சரக்குக் கப்பல், 6,754 டன், மூழ்கடித்தது போஃபின்.

போஃபின் என்ற அந்த நீர்மூழ்கிக் கப்பல் ஹவாயில், பேர்ல் ஹார்பரில், கரையோரமாகக் கட்டப்பட்டு இன்றும் மிதக்கிறது. டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்கலாம். சுஷிமா மாரு ஜப்பானின் தெற்குக் கடலில் 870 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதில் போனவர்களுக்கு ஒகினாவாவின் தலைநகரான நாஹாவில் ஒரு நினைவுக் காட்சியகம் இருக்கிறது. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றொன்றைப் பார்க்காமல் இருப்பது சரியாகாது என்று தோன்றியதால் இரண்டையும் ஒரே பயணமாகப் போட்டுக்கொண்டேன்.

ஹோனலூலுவில் அக்கா குடும்பம் இருக்கிறது. அவள் மகன் நாலாம் வகுப்பு. நானும் வருவேன் என்று காலையிலேயே ஷூ மாட்டிக்கொண்டு நின்றான். பேர்ல் ஹார்பருக்குள் கைப்பை, தோள்பை எதுவும் கொண்டுபோக முடியாது. வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். உள்ளே வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி, 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அரிசோனா போர்க்கப்பலைப் பார்க்கப் படகுக்காக வரிசையில் நிற்கிறது. போஃபின் பக்கத்தில்தான் இருக்கிறது, கூட்டம் குறைவு. அந்தத் தாக்குதல் நடந்து சரியாக ஒரு வருடம் கழித்து, 1942 டிசம்பர் 7 அன்று இந்தக் கப்பலைக் கடலில் இறக்கினார்கள். அதனால் இதற்குப் ‘பேர்ல் ஹார்பருக்குப் பழிவாங்கியவன்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு.

95 மீட்டர் நீளம், 80 பேர், 24 டார்பிடோ. வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாகத்தான் தெரிகிறது. குறுகிய படியில் இறங்கி உள்ளே நின்றதும் தோளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வட்டமான இரும்பு வாசலில் காலைத் தூக்கி வைத்து, தலையைக் குனிந்து நுழைய வேண்டும். நான்கு டீசல் எஞ்சின்கள் இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. எங்கு கை வைத்தாலும் குழாய், வால்வு, அளவு காட்டும் முள். டார்பிடோ அறையில் டார்பிடோவுக்குப் பக்கத்திலும் மேலுமாகச் சங்கிலியில் தொங்கும் படுக்கைகள். பையன் அங்கேயே நின்றுவிட்டான்.

“மாமா, இது மேலயா படுத்துத் தூங்குவாங்க?”

“ஆமாண்டா. வேற இடம் இல்ல.”

“தூங்கும்போது வெடிச்சிடாதா?”

அந்த வயதுக்கு அது சரியான கேள்வி. ஆனால் போரின் முதல் இரண்டு வருடங்களில் அமெரிக்கக் கேப்டன்களை வாட்டியது நேர் எதிரான கேள்வி: வெடிக்க வேண்டிய நேரத்தில் இது ஏன் வெடிக்க மாட்டேன் என்கிறது? மார்க் 14 என்ற அந்த டார்பிடோ ஆறு மீட்டருக்கு மேல் நீளம், ஒன்றரை டன் எடை. குறித்த ஆழத்தைவிடச் சுமார் 3 மீட்டர் கீழே ஓடி, கப்பலுக்கு அடியில் புகுந்து போய்விடும். கப்பலின் காந்தப் புலத்தை உணர்ந்து வெடிக்க வேண்டிய கருவி முன்கூட்டியே வெடித்தது. இரண்டையும் சரிசெய்த பிறகும், நேராகப் போய் மோதியது வெடிக்கவில்லை. 1943 ஜூலையில் டினோசா என்ற நீர்மூழ்கி, ஓட்டம் நின்றுபோன ஒரு பெரிய எண்ணெய்க் கப்பல்மேல் ஒன்றன்பின் ஒன்றாக டார்பிடோ ஏவியது. பெரும்பாலானவை விலாவில் இடித்துவிட்டு வெடிக்காமல் போயின. கேப்டன் கடைசி ஒன்றை ஏவாமல், சோதித்துப் பார்க்கட்டும் என்று பேர்ல் ஹார்பருக்கே திருப்பிக் கொண்டுவந்தார். நீர்மூழ்கிப் படைத் தலைவர் சார்ல்ஸ் லாக்வுட் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கஹோவோலாவேயின் பாறைச் சுவர்மேல் டார்பிடோக்களை ஏவச் சொன்னார். வெடிக்காத ஒன்றைக் கடலடியிலிருந்து எடுத்துப் பிரித்ததில், நேர்மோதலின் வேகம் தாங்காமல் வெடிமுள் கோணிக்கொள்கிறது என்று தெரிந்தது. அதன் பிறகு, 1943 கடைசியில்தான், அமெரிக்க நீர்மூழ்கிகள் கையில் நம்பத் தகுந்த ஆயுதம் வந்தது.

வந்தபின் நடந்தது பெரிய நாசம். ஜப்பானிடம் எண்ணெய் கிடையாது, ரப்பர் கிடையாது, போதிய இரும்புத் தாது கிடையாது, சாப்பாட்டுக்கு வேண்டிய அரிசியிலும் ஒரு பங்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும். இவற்றைக் கொண்டுவரும் கப்பல்களை அறுத்துவிட்டால் தீவு தானாக மூச்சு முட்டும். அமெரிக்கக் கடற்படையில் நீர்மூழ்கிப் பிரிவு ஆள்பலத்தில் 2 சதவீதம்கூடத் தேறாது. ஆனால் மூழ்கிய ஜப்பானிய வணிகக் கப்பல்களின் டன் கணக்கில் பாதிக்கு மேல் அவர்கள் கையால் போனது. ஜப்பான் தரப்பில் இறந்த வணிகக் கப்பல் மாலுமிகள் மட்டும் 60,000 பேருக்கு மேல். 1945-ல் தெற்கிலிருந்து எண்ணெய் வருவது நின்றே போனது. விமானத்துக்கு எரிபொருள் வடிக்கலாம் என்று ஊர் ஊராக ஜனங்களைப் பைன் மரத்தின் வேரைத் தோண்ட வைத்தார்கள்.

இதில் ஜப்பானியக் கடற்படையின் தவறும் பெரிது. எதிரியின் போர்க்கப்பலோடு மோதி ஜெயிப்பது ஒன்றுதான் அவர்களுக்கு வீரம். சரக்குக் கப்பலுக்குக் காவல் போவதைக் கீழான வேலையாக நினைத்தார்கள். காவலுக்கென்று ஒரு தலைமை அமைத்ததே 1943 நவம்பரில். அதற்குள் அமெரிக்கர்கள் சரக்குக் கப்பல் அணிகளின் சங்கேத மொழியை உடைத்துவிட்டார்கள். ஒவ்வொரு அணியும் நடுப்பகலில் தான் எங்கே இருக்கப் போகிறது என்று ரேடியோவில் சொல்ல, அதை ஹவாயில் உட்கார்ந்து படித்து, அருகில் இருக்கும் நீர்மூழ்கிக்குத் தகவல் போகும்.

சட்டம் என்று ஒன்று இருந்தது. ஆளையும் கப்பலின் ஆவணங்களையும் பத்திரமான இடத்தில் சேர்க்காமல் வணிகக் கப்பலை மூழ்கடிக்கக் கூடாது என்று 1930 லண்டன் ஒப்பந்தமும் 1936-ல் வந்த உடன்படிக்கையும் சொல்கின்றன. அமெரிக்காவும் பிரிட்டனும் ஜப்பானும் ஜெர்மனியும் ஏற்றுக்கொண்ட விதி அது. முதல் உலகப் போரில் ஜெர்மனி எச்சரிக்கை இல்லாமல் கப்பல்களை மூழ்கடித்ததைக் காட்டித்தான் அமெரிக்கா அந்தப் போருக்குள் இறங்கியது. ஆனால் பேர்ல் ஹார்பரில் புகை அடங்குவதற்குள், அன்றைக்கே சில மணி நேரத்தில், வாஷிங்டனிலிருந்து உத்தரவு போனது: ஜப்பானுக்கு எதிராகக் கட்டுப்பாடில்லாத விமான, நீர்மூழ்கிப் போரை நடத்துங்கள். போர் முடிந்து நியூரம்பர்க்கில் ஜெர்மன் தளபதி டோனிட்ஸ் கூண்டில் நின்றபோது, அமெரிக்கத் தளபதி நிமிட்ஸ் இதை எழுத்தில் ஒளிவில்லாமல் ஒப்புக்கொண்டார். டோனிட்ஸுக்குக் கொடுத்த 10 வருடத் தண்டனையில் நீர்மூழ்கிச் சட்டத்தை மீறியதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பிலேயே எழுதியது. ஜெயித்தவனும் அதைத்தான் செய்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

போஃபின் மேல்தளத்தில், ஒவ்வொரு வேட்டைக்கும் ஒரு சின்னம் என்று சேர்த்துக்கொண்டே போகும் வெற்றிக் கொடியைப் பற்றிப் பேச்சு வந்தது. தன்னார்வலராக வேலை பார்க்கும் ஓய்வுபெற்ற மாலுமி ஒருவர் பையனுக்கு ஒரு கதை சொன்னார். 1944 ஆகஸ்ட் 10 அன்று ஒகினாவாவுக்குக் கிழக்கே மினாமி டைட்டோ என்ற தீவில் போஃபின் ஏவிய டார்பிடோ, கப்பல் துறையில் போய் வெடித்து, அங்கிருந்த கிரேனையும் ஒரு பஸ்ஸையும் தூக்கி எறிந்தது. நீர்மூழ்கி பஸ்ஸை அடித்த கதை என்று இன்றும் சொல்கிறார்கள். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் தேதியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அதே சுற்றில், அதே கேப்டன் கீழ், பன்னிரண்டு நாள் கழித்துத்தான் சுஷிமா மாரு.

அந்த மாலுமிமேல் எனக்குக் கோபம் வரவில்லை. கரையோரத்தில் புல்வெளியில் 52 நினைவுக் கற்கள் இருக்கின்றன. திரும்பி வராத 52 அமெரிக்க நீர்மூழ்கிகளுக்கு ஒவ்வொன்று. 3,500-க்கும் மேற்பட்டவர்கள். எந்தப் பிரிவையும்விட அதிக விகிதத்தில் இவர்கள் செத்தார்கள். பெரும்பாலானவை எப்படிப் போயின என்று பார்த்துச் சொல்ல ஆளே இல்லாமல் போயின. அந்தக் கற்களில் ஒன்று வாஹூ என்ற நீர்மூழ்கியுடையது. நம்மவர்களுக்கு அதோடு ஒரு கணக்கு இருக்கிறது. 1943 ஜனவரி 26 அன்று நியூ கினிக்கு வடக்கே வாஹூ மூழ்கடித்த புயோ மாரு கப்பலில் ஜப்பானியப் படைவீரர்களோடு 491 இந்தியப் போர்க்கைதிகளும் இருந்தார்கள், பஞ்சாப் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள். படகுகளில் தத்தளித்தவர்கள்மேல் வாஹூ துப்பாக்கியால் சுட்டது. அன்று இறந்த இந்தியர் 195, ஜப்பானியர் 87. தண்ணீரில் கிடந்தவர்கள் யார் என்று வாஹூவுக்குத் தெரியாது. அந்தக் கேப்டன் டட்லி மார்ட்டனுக்குப் பதக்கம் கிடைத்தது. அதே வருடம் அக்டோபரில் அவரும் கப்பலோடு போனார்.

பெரிஸ்கோப்பில் தெரிவது புகைபோக்கி, பாய்மரக் கம்பம், நீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பது. அதை வைத்துப் படப் புத்தகத்தைப் புரட்டி, இது இன்ன வகைக் கப்பல், இத்தனை டன் என்று முடிவு செய்வார்கள். திசையும் வேகமும் தூரமும் கணக்குக் கருவிக்குள் போகும். கப்பலுக்குள் யார் இருக்கிறார்கள் என்று போடுவதற்கு அந்தக் கருவியில் இடம் கிடையாது.

ஹவாய்க்குப் பிறகு நான் போனது ககோஷிமாவுக்கு. அது ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளில் தெற்கே இருக்கும் கியூஷூவின் தென்கோடி. வளைகுடாவுக்கு நடுவே சகுராஜிமா எரிமலை எப்போதும் கொஞ்சம் புகைந்துகொண்டே இருக்கிறது. இங்கிருந்து நாஹாவுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். நான் கப்பலில் போனேன். மாலையில் கிளம்பி மறுநாள் மாலையில் நாஹா சேரும் பெரிய ஃபெர்ரி. வழியில் அமாமி, தொக்குனோஷிமா, யோரோன் என்று தீவு தீவாக நின்று போகும். குறைந்த கட்டண வகுப்பில் பெர்த் கிடையாது. நீளமான கூடம், தரையில் வரிசையாக மெல்லிய மெத்தை, ஒரு போர்வை, ஒரு சின்னத் தலையணை. எனக்குப் பக்கத்தில் அமாமிக்குப் போகும் ஒரு குடும்பம். அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் இரண்டும் மெத்தைமேல் உருண்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டி எனக்கும் ஒரு ஆரஞ்சு கொடுத்தார். கூடத்தின் ஓரத்தில் லைஃப் ஜாக்கெட் வைத்த அலமாரி, அதில் சிறுவர்களுக்கானது தனியாக, எத்தனை இருக்கிறது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் மனம் 1944-க்குப் போய்விட்டது.

அந்த வருடம் ஜூலையில் சைப்பான் தீவு அமெரிக்கர்கள் கைக்குப் போனது. அடுத்த இலக்கு ஒகினாவா என்று டோக்கியோவுக்குத் தெரிந்துவிட்டது. ஒகினாவாவில் சண்டை நடக்கப் போகிறது என்றால் முதியவர்கள், பெண்கள், குழந்தைகள் ஒரு லட்சம் பேரை அங்கிருந்து நகர்த்த வேண்டும் என்று அமைச்சரவை முடிவு செய்தது. காரணம் இரக்கம் மட்டும் இல்லை. வந்து இறங்கும் படைக்குச் சாப்பாடு வேண்டும். சாப்பிடும் வாய்கள் தீவில் குறைய வேண்டும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பிள்ளைகளை ஆசிரியர்களோடு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. பெற்றோர் தயங்கினார்கள். அந்தக் கடலில் கப்பல்கள் மூழ்குவது ஊருக்குள் கசிந்திருந்தது. ஜூன் கடைசியில்தான் தோயாமா மாரு என்ற கப்பல் ஆயிரக்கணக்கான படைவீரர்களோடு போயிருந்தது. ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசிச் சம்மதம் வாங்கினார்கள். பிள்ளைகளுக்கோ குதூகலம். ஒகினாவாவில் பனி விழாது. பெருந்தீவுக்குப் போனால் பனியைப் பார்க்கலாம், பெரிய ரயிலைப் பார்க்கலாம். போர்க்கப்பலில் போவதாக நம்பித்தான் துறைமுகத்துக்கு வந்தார்கள்.

வந்து நின்றது 1914-ல் ஸ்காட்லாந்தில் கட்டிய பழைய சரக்குக் கப்பல். சீனாவிலிருந்து ஒகினாவாவுக்குப் படைவீரர்களை ஏற்றிவந்து இறக்கிய கையோடு நின்றுகொண்டிருந்தது. சரக்கு அறைகளுக்குள் பட்டுப்புழு வளர்க்கும் அடுக்குகளைப் போல இரண்டு தட்டு மரப்பலகை அடித்து, அதில் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். ஆகஸ்ட் மாதம். இரும்புப் பெட்டிக்குள் காற்று கிடையாது. மேலே வர செங்குத்தான ஏணிதான். ஆகஸ்ட் 21 மாலை, வேறு இரண்டு கப்பல்களோடும் இரண்டு காவல் கப்பல்களோடும் நாகசாகியை நோக்கிப் புறப்பட்டது. மொத்தம் 1,788 பேர்.

எங்கள் ஃபெர்ரி நள்ளிரவை ஒட்டித் தொகாரா தீவுக்கூட்டத்தைத் தாண்டியது. சுஷிமா மாரு கிடப்பது அதில் ஒன்றான அகுசெகி தீவுக்கு அருகில்தான். மேல்தளத்துக்குப் போனேன். காற்று பலமாக இருந்தது. கதவைத் திறக்கவே தோளால் தள்ள வேண்டியிருந்தது. எட்டிப் பார்த்தால் கப்பலின் விளக்கு படுகிற தூரம்வரை நுரை, அதற்கப்பால் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் கப்பலில் அத்தனை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஒரு விளக்கும் கிடையாது. புயல் ஒன்று பக்கத்தில் இருந்ததால் கடல் கொந்தளிப்பு. ஆகஸ்ட் 22 இரவு 10 மணி தாண்டிச் சில நிமிடங்களில் போஃபினின் டார்பிடோக்கள் வந்து விழுந்தன. பத்துப் பதினோரு நிமிடங்களில் கப்பல் போய்விட்டது. பிள்ளைகள் பெரும்பாலோர் கீழே தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஏணிகள் பெயர்ந்துபோயின. புழுக்கம் தாங்காமல் மேலே வந்து படுத்திருந்தவர்கள் தண்ணீரில் குதித்தார்கள், அல்லது அலை வாரிக்கொண்டது. கூட வந்த கப்பல்கள் நிற்கவில்லை. நின்றால் அடுத்த குண்டு அவற்றுக்கு. அதனால் இருட்டில் தண்ணீரில் கத்திக்கொண்டிருந்தவர்களை விட்டுவிட்டுப் போயின. காப்பாற்றும் படகுகள் மறுநாள்தான் வந்தன.

இறந்தவர்கள் 1,484 பேர். அதில் பள்ளிப் பிள்ளைகள் 784. உயிர்பிழைத்த பள்ளிப் பிள்ளைகள் 59.

விடியும்போது ஃபெர்ரி அமாமியின் நாசே துறைமுகத்தில் நின்றது. பாட்டியும் பிள்ளைகளும் இறங்கினார்கள். மூங்கில் தெப்பங்களைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர்களில் சிலரையும், இறந்த பலரையும் நீரோட்டம் இந்தத் தீவின் கரையில்தான் கொண்டுவந்து சேர்த்தது. தைரா கெய்கோ என்ற ஒன்பது வயதுச் சிறுமி ஆறு நாள் தெப்பத்தில் கிடந்து பிழைத்தாள். கூட வந்த பாட்டி போனார், அண்ணன் போனான், ஒரே வயது உறவுக்காரச் சிறுமி தோக்கிகோ அலையில் கைநழுவிப் போனாள். ஊர் திரும்பியபோது தோக்கிகோவின் அம்மா, நீ வந்துவிட்டாய், என் பெண்ணைக் கடலில் விட்டுவிட்டா வந்தாய் என்று கேட்டார். கெய்கோ பின்னாளில் ஆசிரியை ஆனார். 2023-ல் இறக்கும்வரை பள்ளி பள்ளியாகப் போய் இந்தக் கதையைச் சொன்னார், அந்தக் கேள்வியையும் சேர்த்து.

நாஹாவில் மோனோரயிலில் ஏறி, மாகாண அரசு அலுவலக நிறுத்தத்தில் இறங்கி, வகாசா பகுதியை நோக்கி நடந்தால் கால் மணி நேரத்துக்குள் காட்சியகம். பெரிய சொகுசுக் கப்பல்கள் வந்து நிற்கும் துறை பக்கத்திலேயே. நமினோவே கடற்கரையில் குடும்பங்கள் குளித்துக்கொண்டிருந்தன. கட்டடம் இரண்டு மாடி, வெளியில் பார்த்தால் ஒரு சின்ன நூலகம் என்று நினைத்துக் கடந்துபோகலாம். 2004 ஆகஸ்ட் 22 அன்று, கப்பல் மூழ்கி அறுபது வருடம் முடிந்த நாளில் திறந்தார்கள்.

உள்ளே சுவர் நிறையப் பிள்ளைகளின் முகங்கள். கறுப்பு வெள்ளைப் படங்கள், பெரும்பாலும் ஒரே அளவு. மொட்டை வெட்டு வெட்டிய பையன்கள், நெற்றிமேல் முடியை நேராகக் கத்தரித்த பெண்கள். சிலர் கேமராவைப் பார்த்து முறைக்கிறார்கள். ஒரு பையன் கண்ணை மூடிவிட்டான். வேறு படம் இருந்திருக்காது, அதையே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். மூன்றாவது வரிசைக்கு மேல் என்னால் தொடர முடியவில்லை. கொஞ்ச நேரம் ஓரத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு மறுபடி எழுந்தேன்.

படங்கள் இறந்தவர்கள் அத்தனை பேருக்கும் இல்லை. அங்கே வேலை பார்க்கும் அம்மா அதற்குக் காரணம் சொன்னார். கப்பல் போய் இரண்டு மாதம்கூட ஆகாமல், 1944 அக்டோபர் 10 அன்று அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு நாஹா நகரமே ஏறக்குறைய முழுதும் எரிந்தது. அடுத்த ஏப்ரலில் தரைச் சண்டை தொடங்கி, மூன்று மாதத்தில் ஒகினாவா மக்களில் நாலில் ஒருவர் இறந்தார். வீடு எரிந்ததில் படமும் எரிந்தது. பல குடும்பங்களில் படத்தைக் கொண்டுவந்து கொடுக்க ஒருவரும் மிஞ்சவில்லை.

சரக்கு அறையின் ஒரு பகுதியை அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள். பலகைத் தட்டு, அதற்கு மேல் இன்னொரு தட்டு. போஃபினில் சங்கிலியில் தொங்கிய படுக்கைகளை விட இது இன்னும் நெருக்கம். மேல்தட்டில் ஒரு பெரிய ஆள் நிமிர்ந்து உட்கார முடியாது. அந்தப் பலகை முன்னால் நின்றபோது எனக்கு ஒன்று தெளிவானது. இந்தப் பிள்ளைகளை முதலில் சரக்காகக் கணக்குப் பண்ணியது அமெரிக்கா இல்லை, அவர்கள் சொந்த அரசாங்கம்தான். படையை ஏற்றிவந்த கப்பலில், காவலோடு, விளக்கணைத்து, எதிரிக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பியது. அப்படி வரும் எந்தக் கப்பலும் நீர்மூழ்கிக்கு இலக்குதான். பாதுகாப்பு உறுதி கேட்டு வாங்கி, அடையாளம் வரைந்து கப்பல் ஓட்டும் வழி அந்தப் போரிலேயே இருந்தது. 1945-ல் அவா மாரு என்ற கப்பலுக்கு அமெரிக்கா அப்படி உறுதி கொடுத்தது. அதையும் குவீன்ஃபிஷ் என்ற நீர்மூழ்கி பனிமூட்டத்தில் மூழ்கடித்து 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள் என்பது வேறு. அந்தக் கேப்டனையாவது ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஒகினாவாவின் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வழியைத் தேட யாரும் முயன்றதாகத் தெரியவில்லை. இதைச் சொல்வதால் வாஷிங்டனிலிருந்து போன உத்தரவு நியாயமாகிவிடாது. யார் இருக்கிறார்கள் என்று பார்க்க மாட்டோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்த உத்தரவு அது. இரண்டு தலைநகரங்களும் டன்னில் யோசித்தன. நடுவில் அகப்பட்டவர்கள் இவர்கள்.

அதைவிட என்னை உலுக்கியது, பிறகு நடந்தது. கப்பல் மூழ்கியதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று ராணுவம் உத்தரவு போட்டது. காப்பாற்றிக் கொண்டுவந்த பிள்ளைகளைக் கியூஷூவில் விடுதிகளில் வைத்துக் கண்காணித்தார்கள். கடிதங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒகினாவாவில் தாய்மார் தபாலுக்குக் காத்திருந்தார்கள். மற்றக் கப்பலில் போன பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமிருந்து கடிதம் வருகிறது, தன் பிள்ளையிடமிருந்து வரவில்லை. அப்படித்தான் பலருக்குத் தெரிந்தது. வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைச் சம்மதிக்கவைத்த ஆசிரியர்களில் உயிர்பிழைத்தவர்கள், அந்தப் பெற்றோர் முகத்தில் விழிக்க முடியாமல் ஊருக்கே திரும்பாமல் வாழ்ந்ததும் உண்டு.

காட்சியகத்துக்குப் பின்னால் மேட்டில் அசாஹிகாவோகா பூங்கா. அங்கே பிள்ளைகளுக்கு 1954-ல் எழுப்பிய ‘இளம் செர்ரிமலர்’ நினைவுத்தூண் இருக்கிறது. வண்ணக் காகிதத்தில் மடித்த கொக்குகளைச் சரம் சரமாகக் கோத்து மாட்டியிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் கொண்டுவந்தவை. நான் போனபோது ஒரு பெரியவர் காய்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். அதே பூங்காவில் இன்னொரு நினைவுச் சின்னமும் உண்டு, ‘கடல்முழக்கச் சிலை’ என்று பெயர். அது சுஷிமா மாருவுக்கு உரியது அல்ல. அந்தக் கடலில் அப்படியே மூழ்கிய மற்றப் பயணிகள் கப்பல்களுக்கு. 1943 மே மாதம் அமாமிக்குப் பக்கத்தில் போன காகி மாரு, அதே டிசம்பரில் கிரேபேக் நீர்மூழ்கி மூழ்கடித்த கோனான் மாரு போன்றவை. பெருந்தீவில் வேலைக்குப் போனவர்கள், ஊருக்குத் திரும்பியவர்கள், கைக்குழந்தையோடு போன பெண்கள் அவற்றில் இருந்தார்கள்.

சுஷிமா மாரு பிள்ளைகளின் பெற்றோருக்கு 1977-லிருந்து அரசு ஒரு சிறப்புத் தொகை கொடுத்தது. பள்ளி உத்தரவின் பேரில் போனவர்கள் என்பது அதற்குக் காரணம். காட்சியகமும் அரசுப் பணத்தில்தான் வந்தது. மற்றக் கப்பல்களில் போனவர்கள் தங்கள் சொந்த வேலையாகப் போனார்கள் என்று சொல்லி அவர்கள் குடும்பங்களை ஒதுக்கிவிட்டார்கள். எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தக் குடும்பங்கள் பல வருடமாகக் கேட்டுவருகின்றன. கேட்டவர்களில் பலர் இறந்துவிட்டார்கள். நாஹாவுக்குப் போகிறவர்கள் காட்சியகத்தைப் பார்த்ததும் கடற்கரைக்குத் திரும்பிவிட வேண்டாம். பூங்காவுக்குப் படிக்கட்டு இருக்கிறது, ஏறச் சில நிமிடங்கள்தான் ஆகும். அந்த இரண்டாவது சின்னத்தையும் கேட்டுத் தேடிப் பாருங்கள்.